வண்ணக் கண்ணாடியை வீட்டிலேயே தண்ணீர் ரம்பத்தில் வெட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தாலோ சால்டராலோ இணைத்து ஓவியமாக்கும் ஸ்டெயின்ட் கிளாஸ் வேலையில் முக்கால்வாசி வெட்டுக்கு ரம்பமே வேண்டாம். நல்ல கைக்கட்டர் ஒன்றும் ரன்னிங் பிளையர் ஒன்றும் இருந்தால் போதும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, அதன் முனையில் பிளையரை வைத்து மெல்ல அழுத்தினால் டக்கென்று பிளந்துவிடும். நேர்க்கோடு, வெளிப்பக்கம் புடைத்த வளைவு, அகலமான அலை எல்லாமே இப்படித்தான். இதற்கெல்லாம் ரம்பத்தை ஓட்டினால் நேரமும் தண்ணீரும் வீண், பிளேடும் தேயும்.

அப்படியானால் ரம்பம் எதற்கு? சேலை பார்டரில் வரும் மாங்காய் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். மாங்காயின் வயிற்றுப் பக்கம் சுலபம். சிக்கல் அதன் கொக்கி மூக்கில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் மாங்காயைச் சுற்றி வரும் பின்னணித் துண்டு. உள்பக்கம் ஆழமாகக் குழிந்த அந்தத் துண்டைக் கையால் எடுக்க வேண்டுமானால் குழிவுக்குள் அடுக்கடுக்காகப் பிறைக் கீறல்கள் போட்டு, ஒவ்வொரு பிறையாக உடைத்து, கடைசியில் பிளையரால் கொரித்துக் கொரித்துக் கோட்டுக்கு வர வேண்டும். கண்ணாடிக்கு வளைந்து பிளக்கப் பிடிக்காது. கடைசிப் பிறையில் விரிசல் குறுக்கே ஓடித் துண்டு இரண்டாகிவிடும். அதனால்தான் பலர் அந்த இடத்தில் பின்னணியை இரண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு ஈயக்கோட்டைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். ஓவியம் கேட்காத கோடு அது. அந்தக் கோட்டை எடுத்துவிடும் சுதந்திரத்துக்காகத்தான் ரம்பம் வாங்குகிறோம். உங்கள் டிசைன்களில் அப்படிப்பட்ட இடமே வராது என்றால் இந்தச் செலவு தேவையில்லை.

இந்த வழிகாட்டியில் அந்தப் பின்னணித் துண்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 3 மி.மீ. கனமுள்ள கண்ணாடி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, நடுவில் மாங்காய் உட்காரும் குழிவு.

ரம்பத்துக்குள் நடப்பது

மர ரம்பத்தைப் போல இதில் பல் கிடையாது. எஃகு பிளேடின் மேல் வைரத்தூளை நிக்கல் பூச்சால் ஒட்டியிருப்பார்கள். அந்தத் துகள்கள் கண்ணாடியைத் துளித்துளியாக உரசி எடுக்கின்றன. கத்திக்குச் சாணை பிடிக்கும் வேலையைக் கண்ணாடிக்குக் குறுக்காகச் செய்வதுதான் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி அறிவுரை தானாகவே புரியும். உரசலுக்கு நேரம் கொடுக்க வேண்டும். அழுத்தி வேகமாக்க முடியாது.

உரசினால் சூடு. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் வெட்டும் இடம் மட்டும் சூடேறி விரியும், பக்கத்து இடம் குளிர்ந்தே இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழ 40 டிகிரி வெப்பநிலை வேறுபாடே விரிசல் விடப் போதும். தண்ணீர் இந்தச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கூடவே வெட்டுப் பள்ளத்தில் சேரும் தூளைக் கழுவி வெளியேற்றி, புதிய வைரத்துகள் புதிய கண்ணாடியைத் தொட வழிவிடுகிறது. தூள் காற்றில் பறக்காமல் அமுக்குவதும் அதே தண்ணீர்தான். மூன்றில் எது நின்றாலும் கண்ணாடி போகும், அல்லது பிளேடு போகும், அல்லது நுரையீரலுக்குக் கேடு.

எந்த ரம்பம்?

வீட்டு உபயோகத்துக்கு மூன்று வகை கிடைக்கிறது. ரிங் சா என்பது வளையமான பிளேடு. சுற்றிலும் வைரப் பூச்சு இருப்பதால் கண்ணாடியை முன்னே, பின்னே, பக்கவாட்டில் எந்தத் திசையில் தள்ளினாலும் வெட்டும். ஜெமினி நிறுவனத்தின் டாரஸ் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பேண்ட் சா என்பது சக்கரங்களில் ஓடும் நாடா பிளேடு, கிரைஃபான் நிறுவனத்துடையது பரவலாகப் புழங்குகிறது. இது நேர்வெட்டிலும் அகலமான வளைவிலும் நிதானமாக ஓடும், ஆனால் நாடாவின் அகலம் காரணமாக இறுக்கமான வளைவில் திரும்பாது. மூன்றாவது, வைரம் பூசிய கம்பியில் ஓடும் வயர் சா. எல்லாப் பக்கமும் வெட்டும், நுணுக்கமாகவும் வெட்டும், வேகம் குறைவு, கம்பி அறுந்தால் புதிது மாட்ட வேண்டும்.

மாங்காய்க் குழிவு மாதிரி வேலைதான் உங்கள் ஆசை என்றால் என் ஓட்டு ரிங் சாவுக்கு. தடித்த கண்ணாடியையும் உலையில் உருக்கி ஒன்றாக்கிய (ஃபியூசிங்) பலகைகளையும் வெட்டுவதே அதிகம் என்றால் பேண்ட் சா. எதை வாங்கினாலும் மாற்று பிளேடும், பிளேடைத் தாங்கி ஓடவிடும் கைடு ரோலர்களும் தொடர்ந்து கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மெஷின் விலையைவிட அதுதான் பிற்பாடு கடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. டைல்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் கை மார்பிள் கட்டர் வீட்டில் இருக்கும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதில் வெட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடுவது, கல்லுக்காகச் செய்தது. 3 மி.மீ. கண்ணாடியின் ஓரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். தவிர, ஒரு கையில் மின்கருவி, இன்னொரு கையில் தண்ணீர்க் குவளை என்பது நினைத்தாலே நடுங்குகிற ஏற்பாடு.

இடமும் மின்சாரமும்

சமையலறை மேடை வேண்டவே வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிகள் பலவற்றில் நிறத்துக்காகக் காட்மியம் சேர்மங்கள் இருக்கும், வேறு சில கண்ணாடிகளில் ஈயமும் உண்டு. அந்தத் தூள் சாப்பாடு செய்யும் இடத்தில் தெறிக்கக் கூடாது. பால்கனி, மொட்டை மாடிக் கூரையடி, கொல்லைப்புறத் திண்ணை, கார் ஷெட் எல்லாம் சரி. நேர் வெயில் மட்டும் வேண்டாம். வெயிலில் காய்ந்த கண்ணாடி பச்சைத் தண்ணீரைத் தொட்டால் ரம்பம் தொடும் முன்பே விரிசல் விடலாம்.

மேசை ஆடக் கூடாது. மெஷினுக்குக் கீழே விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் ட்ரே ஒன்றை வையுங்கள். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் தண்ணீர் தெறிக்கும். எதிரே சுவர் இருந்தால் அதில் ஒரு பாலித்தீன் ஷீட்டை ஒட்டுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் ஓரடி இடைவெளியில் இருக்கப் போகின்றன. அதனால் அந்த பிளக் பாயின்ட் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எர்த் கம்பி இல்லாத பழைய வீட்டு பாயின்டில் மாட்டாதீர்கள். வயரை பிளக்குக்கு நேராக இழுக்காமல், பாயின்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வயர் மேல் ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் மெஷின் என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடாகவும் செய்யும். வாங்கும்போதே 230 வோல்ட் மாடல் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

பக்கவாட்டு மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பவர் கிளாஸ் போட்டிருப்பவர்கள் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். பவர் கிளாஸ் மட்டும் போதாது. தெறிக்கும் துளியில் கண்ணாடிச் சில் இருக்கும். N95 மாஸ்க், காதுக்கு இயர் பிளக், தண்ணீர் புகாத ஏப்ரன். துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி, கைவளை, தளர்ந்த முழுக்கை எதுவும் மேசைப் பக்கம் வரக் கூடாது. கூந்தலை இறுகக் கட்டுங்கள்.

கையுறை வேண்டாம் என்பதே என் கருத்து. சுழலும் பொருளில் கையுறை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். விரல் நுனிக்கு மட்டும் மாட்டும் ரப்பர் உறை இருந்தால் போதும். வைர பிளேடு விரலை வெட்டாது என்று விற்பனைக் கடையில் சொல்வார்கள். பல் இல்லாததால் மர ரம்பம் போல அறுக்காது என்பது வரை உண்மை. ஆனால் கண்ணாடியையே உரசி எடுப்பதற்குத் தோல் எம்மாத்திரம்? தொட்டால் தோல் போகும்.

கால்! நம் வீடுகளில் வெறுங்காலோடு நடப்பதே பழக்கம். வேலை இடத்துக்கென்று மூடிய செருப்பு ஒன்றை வைத்து, அதை அந்த இடத்திலேயே கழற்றிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் கண்ணில் படாத சில்லுகள் வீட்டுக்குள் வந்து குழந்தைகள் தவழும் தரையில் கிடக்கும்.

படி 1: கண்ணாடியைச் சோதிப்பது

ஸ்டெயின்ட் கிளாஸ் கடையில் வாங்கியது என்றால் கவலையில்லை. பழைய கதவு, மேசை, ஷவர் அறையிலிருந்து எடுத்த கண்ணாடி என்றால் அது டஃபண்ட் கிளாஸா (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கியதா) என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் சின்ன முத்திரை இருக்கும். போலராய்ட் கூலிங் கிளாஸ் வழியாக வானத்தின் எதிரொளிப்பைப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். டஃபண்ட் கண்ணாடியை எந்த ரம்பத்தாலும் வெட்ட முடியாது. விளிம்பில் பிளேடு பட்டதுமே முழுதும் பொடியாகிவிடும்.

படி 2: கோடு வரைவதும் அதைக் காப்பதும்

வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டும்போது இடைவெளியை மறக்காதீர்கள். துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய செப்புப் பட்டையை ஒட்டி சால்டர் செய்யும் காப்பர் ஃபாயில் முறைக்குத் துண்டுகளுக்கிடையே சுமார் 0.8 மி.மீ., ஈயச் சட்டத்துக்கு அதன் இருமடங்கு விடுவது வழக்கம். ரம்பமும் தன் பங்குக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண்ணாடியைத் தின்றுவிடும். அதனால் பிளேடு எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில்தான் ஓட வேண்டும். கோட்டின் மேலேயே ஓட்டினால் மாங்காய் குழிவுக்குள் லொடலொடவென்று ஆடும்.

ஓடும் தண்ணீரில் சாதாரண ஸ்கெட்ச் பேனா கோடு அரை நிமிடம் தாங்காது. பெயிண்ட் மார்க்கரால் வரையுங்கள். கருத்த கண்ணாடிக்கு வெள்ளி நிறம், வெளிர் கண்ணாடிக்குக் கறுப்பு. நன்றாகக் காய விட்டு, கோட்டின் மேல் லிப் பாமையோ வாசலினையோ மெல்லிசாகத் தடவுங்கள். இந்த மெழுகுப் படலம்தான் கோட்டைக் கடைசி வரை காப்பாற்றும். இன்னொரு வழி, வரைபடத்தை ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டுவது. இங்க்ஜெட் பிரிண்ட் தண்ணீரில் கரையும், லேசர் பிரிண்டாகவோ ஜெராக்ஸாகவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குழிவின் அடியில் கூர்மூலை வரும்படி வரையாதீர்கள். உள்மூலை கூராக இருந்தால் அழுத்தம் முழுதும் அந்த ஒரு புள்ளியில் போய்க் குவியும். இன்று வெட்டி முடித்தாலும் நாளை சால்டரிங் சூட்டில் அங்கிருந்து விரிசல் புறப்படும். மூக்கு நுனியை 3 மி.மீ. ஆரமாவது இருக்கும்படி உருட்டிவிடுங்கள். ஃபாயிலின் மேல் வரும் சால்டர் அந்த உருண்டையை ஓரளவு மறைத்துவிடும்.

படி 3: கையால் சிறிதாக்குவது

பெரிய ஷீட்டை அப்படியே ரம்ப மேசையில் வைத்துத் திருப்புவது கஷ்டம், ஆபத்தும் கூட. வெளிப்புற நேர்க்கோடுகளைக் கைக்கட்டரால் வெட்டிவிட்டு, துண்டைக் கையடக்கமாக்கிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் செவ்வகத்தின் நான்கு பக்கமும் கைவேலை, குழிவு மட்டும்தான் ரம்பத்துக்கு.

படி 4: தண்ணீர்

மெஷின் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தொட்டியை நிரப்புங்கள். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினமாக இருக்கும், ரோலர்களிலும் பேரிங்கிலும் உப்புப் படிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. நிறுவனமே விற்கும் கூலண்ட் கலவையைச் சேர்த்தால் துருப் பிடிப்பது குறையும். பாத்திரம் துலக்கும் சோப்பு மட்டும் வேண்டாம், நுரை கட்டிக் கோடே தெரியாது.

மோட்டாரை ஓடவிட்டு, கண்ணாடி வைக்காமல் பிளேடைக் கவனியுங்கள். பிளேடு மேசைக்குள் நுழையும் இடத்தில் ஈரம் பளபளவென்று தெரிய வேண்டும். தெரியவில்லையா, வெட்ட ஆரம்பிக்காதீர்கள். பிளேடுக்குத் தண்ணீர் ஊட்டும் ஸ்பாஞ்ச் இடம் மாறியிருக்கும், குழாய் அடைத்திருக்கும், அல்லது தொட்டியில் மட்டம் குறைவாக இருக்கும்.

படி 5: ஒத்திகை

பிளேடு புதிது என்றால் அதன் வைரத்துகள்கள் சற்று முரட்டுத்தனமாக இருக்கும், முதல் சில வெட்டுகளில் ஓரம் அதிகமாகச் சிதறும். விலையுயர்ந்த கண்ணாடியில் அந்த முரட்டுத்தனத்தைத் தீர்க்க வேண்டாம். கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடைக்கும் 3 அல்லது 4 மி.மீ. வெள்ளைக் கண்ணாடியில் நேர்வெட்டு, அப்புறம் அலை, அப்புறம் மாங்காய் மூக்கு என்று வெட்டிப் பாருங்கள். சத்தத்துக்குக் காது பழகுவதும் இங்கேதான். சரியாக வெட்டும்போது ஒரே சுருதியில் உஸ்ஸென்ற சத்தம் வரும். அழுத்தம் அதிகமானால் சுருதி இறங்கி மோட்டார் முனகும்.

படி 6: குழிவை வெட்டுவது

நேராக நின்று அல்லது உட்கார்ந்து, இரண்டு முழங்கையும் உடம்பை ஒட்டி இருக்கட்டும். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை மேசையோடு படிய வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேசையை விட்டு எழும்பித் தட்டினால் அடிப்பக்கம் சில்லு போகும். விரல்கள் வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், பிளேடுக்கு நேர் எதிரே ஒருபோதும் வேண்டாம்.

விளிம்பில் நுழைவதுதான் முதல் சோதனை. விளிம்புக்குச் செங்குத்தாகத் தொடுங்கள். சாய்வாகத் தொட்டால் பிளேடு வழுக்கிக்கொண்டு விளிம்போடு ஓடும். முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொடவா வேண்டாமா என்ற அளவுக்கு மென்மையாகத் தள்ளுங்கள். பள்ளம் விழுந்த பிறகு பிளேடு தானாகவே தன் வழியைப் பிடித்துக்கொள்ளும்.

வளைவு வரும்போது கண்ணாடியைத் தள்ளுவதைவிடத் திருப்புவது அதிகம் நடக்க வேண்டும். கண் பிளேடின் மேல் அல்ல, பிளேடுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னே உள்ள கோட்டின் மேல் இருக்கட்டும். ரிங் சாவில் திசை தவறினால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் பின்வாங்கிப் பக்கவாட்டில் உரசித் திருத்தலாம். ஆனால் பக்கவாட்டில் வலுவாக அழுத்தாதீர்கள். வளையம் ரோலரிலிருந்து நழுவும், ரோலரும் சீக்கிரம் தேயும்.

கழிவுப் பகுதி ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கும் நிலை வரும்போதுதான் துண்டுகள் போகின்றன. எடை இழுக்கிறது, ஒட்டியிருக்கும் கடைசிக் கண்ணாடி வெட்டாமல் முறிகிறது, முறிவு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால் கடைசி அரை சென்டிமீட்டரில் தள்ளும் வேகத்தைப் பாதியைவிடவும் குறைத்துவிடுங்கள். கழிவுத் துண்டை ஒரு விரலால் மேசையோடு பிடித்துக்கொள்ளுங்கள். அது தளர்ந்து பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கினால் ஒரே தட்டில் வேலை முடிந்துவிடும்.

பேண்ட் சா வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. நாடா இறுக்கமாகத் திரும்பாது என்பதால், முதலில் கழிவுப் பகுதிக்குள் விளிம்பிலிருந்து கோடு வரை பல நேர்வெட்டுகளைப் போடுங்கள், ஒவ்வொன்றும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே நிற்கட்டும். அப்புறம் கோட்டை ஒட்டி வளைந்து வரும்போது கழிவு சின்னச் சின்னக் குச்சிகளாக உதிர்ந்து, பிளேடுக்குத் திரும்ப இடம் கிடைக்கும்.

பாதியில் வெளியே வர வேண்டியிருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வந்த பள்ளம் வழியாக மெல்ல இழுங்கள். அணைத்துவிட்டு இழுத்தால் பள்ளத்தில் உள்ள ஈரத்தூள் பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

வெட்டும்போது தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி வழிந்தால் எல்லாம் சரி. வெட்டுமிடத்தில் வெள்ளைப் பசை அப்பி நிற்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை. ஆரஞ்சுப் பொறி தெரிந்தால் அந்த இடம் காய்ந்துவிட்டது. அழுத்தத்தை உடனே விட்டு, கண்ணாடியைப் பின்னால் எடுத்து, மோட்டாரை அணைத்து, தண்ணீரைப் பாருங்கள். சூடான கண்ணாடி மேல் சட்டென்று தண்ணீரை ஊற்றாதீர்கள்.

அடம் பிடிக்கும் கண்ணாடிகள்

பிளேடு மேலிருந்து கீழே ஓடுவதால் சில்லு அதிகம் போவது அடிப்பக்கத்தில்தான். கண்ணாடியின் எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதை இது தீர்மானித்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சுப் பக்கம் மேலே. வானவில் மின்னும் இரிடைஸ்ட் கண்ணாடிக்கும் பூச்சு மேலே. மேடுபள்ளமான டெக்ஸ்சர் கண்ணாடிக்கு வழவழப்பான பக்கம் கீழே இருந்தால்தான் மேசையில் ஆடாமல் படியும். அப்படி வைத்தால் முரட்டுப் பக்கத்தில்தான் கோடு வரைய வேண்டிவரும், ஸ்டிக்கர் அதில் ஒட்டாது, மார்க்கரே கதி.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1888 முதல் இயங்கும் கோகோமோ போன்ற தொழிற்சாலைகளின் ஒபலெசென்ட் (பால்போல் மங்கலான) கண்ணாடியில், பல நிறங்களைக் கலந்து உருட்டியிருப்பதால் ஒரே ஷீட்டில் கனம் கூடக்குறைய இருக்கும். கைக்கட்டரில் தகராறு செய்யும் இந்தக் கண்ணாடி ரம்பத்தில் சாதுவாக வெட்டுப்படும். கனமான இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்.

படி 7: கழுவுவதும் ஓரம் தேய்ப்பதும்

வெட்டி முடித்த துண்டை உடனே தண்ணீர் வாளியில் போடுங்கள். தூள் காய்ந்து ஒட்டிக்கொண்டால் ஓரத்தில் வெண்மையாகப் படிந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு சொட்டு சோப்பும் கொண்டு ஓரங்களைத் தேய்த்து, வேறு தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிக் காய வையுங்கள். லிப் பாம், கூலண்ட், தூள் மூன்றில் எது மிச்சமிருந்தாலும் காப்பர் ஃபாயில் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்தாலும், சால்டர் பிடிப்பதற்காகத் தடவும் ஃபிளக்ஸ் பட்டதும் உரிந்து வரும். ஃபாயில் சுற்றுவதற்கு முன் ஒருமுறை ஸ்பிரிட்டால் துடைப்பது நல்ல பழக்கம்.

ரம்பம் வெட்டிய ஓரம் ஏற்கெனவே லேசான சொரசொரப்போடு இருக்கும், அதில் ஃபாயில் நன்றாகப் பிடிக்கும். அதனால் கண்ணாடி ஓரம் தேய்க்கும் கிரைண்டரில் முழுச் சுற்றும் தேய்க்கத் தேவையில்லை. மாங்காயைக் குழிவுக்குள் வைத்துப் பாருங்கள். தட்டுப்படும் இடத்தை மார்க்கரால் குறித்து அதை மட்டும் தேய்த்தால் போதும். கையால் வெட்டிய வெளி விளிம்புகளுக்கு மட்டும் கிரைண்டரோ, தண்ணீர் நனைத்த கார்போரண்டம் கல்லோ தேவைப்படும்.

படி 8: மெஷினைச் சுத்தம் செய்வது

இதைச் சோம்பலில் நாளைக்குத் தள்ளிவிடுவதுதான் மெஷின்கள் சாகும் வழி. தொட்டியின் அடியில் படிந்த கண்ணாடிச் சேறு இரவெல்லாம் இருந்தால் இறுகிவிடும். அடுத்த முறை ஸ்விட்ச் போட்டால் ரோலர் சுற்றாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைக் காலி செய்யுங்கள், ரோலர்களையும் ஸ்பாஞ்சையும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், பிளேடைத் துடைத்துக் காய வையுங்கள். பேண்ட் சா என்றால் நாடாவின் இறுக்கத்தையும் தளர்த்துங்கள்.

சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். கீரை, காய்கறிச் செடிக்கும் வேண்டாம், நிறத்துக்குச் சேர்த்த உலோகங்கள் அதில் இருக்கின்றன. ஒரு மூடியுள்ள வாளியில் ஊற்றி ஒரு நாள் வையுங்கள், சேறு அடியில் தங்கும். மேல் தண்ணீரை மெல்ல வடித்து அடுத்த வேலையின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம். சேற்றை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மூடி முக்கியம். திறந்து வைத்த வாளியில் ஒரு வாரத்துக்குள் கொசு வளரும், டெங்கு கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் காய்ந்த தூள் கிளம்பி மூக்கில் ஏறும். இந்தத் துணியும் வாளியும் இந்த வேலைக்கு மட்டுமே, வீடு துடைக்கும் மாப்போடு கலக்கக் கூடாது. கண்ணில் ஏதாவது விழுந்தால் தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரை வழியவிட்டுக் கழுவுங்கள், உறுத்தல் போகாவிட்டால் கண் டாக்டரிடம் போங்கள்.

பிளேடின் ஆயுள்

பிளேடு மெதுவாக வெட்டுகிறது என்றதும் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் வைரத்துகள்களுக்கு நடுவே கண்ணாடித் தூள் அடைத்திருக்கும், துகள்கள் தேயவில்லை. தண்ணீர் ஓடும்போதே அலுமினியம் ஆக்ஸைடு டிரெஸ்ஸிங் கல்லில் சில வெட்டுகள் போடுங்கள், அடைப்பு நீங்கி மறுபடி கடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் பிளேடைக் காய வைத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழவழப்பாகவோ, எஃகின் பளபளப்பு திட்டாகவோ தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். தேய்ந்த பிளேடை வைத்துக்கொண்டு அழுத்திச் சமாளிப்பவர்கள் பிளேடில் மிச்சம் பிடித்த பணத்தைக் கண்ணாடியில் விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பார்சல் வர நாளாகும் என்பதால், முதல் பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.